விரல்ரேகையா, முகமா: கைப்பேசிப் பூட்டை எதனிடம் ஒப்படைப்பது?

புதிய கைப்பேசியை முதன்முதலாக இயக்கியதும் அது கேட்கும் கேள்விகளுள் ஒன்று, பூட்டைத் திறக்க விரல்ரேகையைப் பதிவு செய்கிறீர்களா, முகத்தைப் பதிவு செய்கிறீர்களா என்பது. இரண்டு வசதிகளும் உள்ள கைப்பேசி என்றால் பெரும்பாலோர் இரண்டையும் பதிந்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். எது முதலில் வேலை செய்கிறதோ அது திறக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு பூட்டுக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்தால், அவற்றுள் எது பலவீனமானதோ அந்த அளவுக்குத்தான் அந்தக் கைப்பேசிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே எதை வைத்துக்கொள்வது, எதை அணைத்துவிடுவது என்பதை ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வது நல்லது.

பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி, விரல்ரேகை பாதுகாப்பானதா, முகம் பாதுகாப்பானதா என்பதே. இந்தக் கேள்விக்கு இப்படியே பதில் சொல்ல முடியாது. முகத்தால் திறப்பது என்று கைப்பேசி விளம்பரங்கள் சொல்வது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு தொழில்நுட்பங்களைக் குறிக்கலாம். விரல்ரேகை என்று சொன்னாலும் அதற்குள் மூன்று வகைச் சென்சார்கள் இருக்கின்றன. கையில் இருக்கும் கைப்பேசியில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே ஒப்பிடத் தொடங்க வேண்டும்.

முகத்திலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதில்தான் வேறுபாடு பெரிது. முதல் வகை, செல்ஃபி எடுக்கும் அதே முன்பக்கக் கேமராவைக் கொண்டு முகத்தைப் பார்ப்பது. 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 பதிப்போடு வந்த முகத் திறப்பு இந்த வகையைச் சேர்ந்தது. கேமராவுக்குக் கிடைப்பது தட்டையான ஒரு படம் மட்டுமே என்பதால், உரியவரின் புகைப்படத்தைக் காட்டியே அதை ஏமாற்றிவிடலாம் என்பது வெளிவந்த சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. அடுத்த பதிப்பில் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள்; அதுவும் பெரிய தடையாக அமையவில்லை. அதன் பிறகு மென்பொருள் வெகுவாக முன்னேறியிருந்தாலும், இந்த வகையின் அடிப்படைக் குறை எல்லாக் கைப்பேசிகளிலும் தீர்ந்துவிடவில்லை. நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பான கன்சூமென்டன்பான்ட் 2019-இன் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனையில், 110 கைப்பேசிகளில் 42 உரிமையாளரின் புகைப்படத்துக்கே திறந்துகொண்டன. உரிமையாளரின் தெளிவான புகைப்படம் ஒன்று சமூக வலைத்தளத்தில் கிடைத்துவிடும் காலத்தில், இப்படிப்பட்ட பூட்டை பூட்டு என்று அழைப்பதே மரியாதைக்காகத்தான்.

இரண்டாவது வகை முகத்தின் ஆழத்தை அளப்பது. 2017-இல் ஐஃபோன் எக்ஸ் கைப்பேசியில் வந்த ஃபேஸ் ஐடி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. திரையின் மேல்விளிம்பில் உள்ள சிறிய ஒளிவீச்சுக் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை முகத்தின் மீது தூவுகிறது. மூக்கின் மேட்டில் விழும் புள்ளியும் கண்குழியில் விழும் புள்ளியும் கேமராவுக்கு வெவ்வேறு அளவு இடம்பெயர்ந்து தெரிவதால், முகத்தின் மேடுபள்ளங்களை அந்தக் கருவி கணக்கிட்டுவிடுகிறது. புகைப்படத்தில் மேடுபள்ளம் கிடையாது. ஆகவே எவ்வளவு தெளிவான படத்தைக் காட்டினாலும் அது ஒரு தட்டையான தாள் என்று தெரிந்துவிடும். ஒளியைக் கருவியே தருவதால் இருட்டிலும் இது வேலை செய்கிறது. கண் திறந்திருக்கிறதா, பார்வை கைப்பேசியின் பக்கம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. இது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும் சிறியதல்ல. கூகுள் 2019-இல் வெளியிட்ட பிக்சல் 4 கைப்பேசியிலும் அகச்சிவப்புக் கருவி இருந்தது, ஆனால் அது தூங்குபவரின் மூடிய கண்களைப் பொருட்படுத்தாமல் திறந்துகொண்டது. கண் திறந்திருக்க வேண்டும் என்ற தேர்வைப் பின்னர் மென்பொருள் புதுப்பிப்பில்தான் சேர்த்தார்கள்.

இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே கோடு போட்டுப் பிரித்துவிடலாம் என்று நினைத்திருந்த நேரத்தில், 2023-இல் வந்த பிக்சல் 8 சாதாரண முன்கேமராவை மட்டும் கொண்டே ஆண்ட்ராய்டின் உயர்ந்த பாதுகாப்புப் பிரிவை எட்டியது. எனவே கருவியை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் இனி முழுமையாகாது. ஆண்ட்ராய்டில் உயிரியல் அடையாள வழிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். போலி விரல், புகைப்படம், முகமூடி போன்றவற்றுக்கு ஏமாறும் விகிதம் ஏழு சதவீதத்தைத் தாண்டாதது மூன்றாம் பிரிவு. இருபது சதவீதம் வரை ஏமாறுவது இரண்டாம் பிரிவு. அதற்கும் மேலே ஏமாறுவது முதல் பிரிவு. முதல் பிரிவைத் திரையைத் திறக்க மட்டும் பயன்படுத்தலாம். செயலிகள் அதை நம்பித் தங்கள் கதவைத் திறக்க முடியாது. கைப்பேசிப் பெட்டியின் மீது இந்தப் பிரிவை யாரும் அச்சிடுவதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கைப்பேசியில் முகத்தைப் பதிவு செய்த பிறகு, வங்கிச் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, அங்கே முகத்தால் உள்நுழையும் தேர்வு வருகிறதா என்று பாருங்கள். விரல்ரேகையை ஏற்கும் செயலி முகத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்தக் கைப்பேசியின் முகத் திறப்பு பெரும்பாலும் கீழ்ப்பிரிவைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். வங்கி நம்பாத ஒன்றை, அந்த வங்கியின் குறுஞ்செய்திகள் எல்லாம் வந்து விழும் கைப்பேசிக்குப் பூட்டாக வைப்பதில் பொருள் இல்லை.

விரல்ரேகைக்கு வருவோம். மூன்று வகைகளுள் பழையதும் இன்னும் நம்பகமானதும் மின்னூட்ட வேறுபாட்டை அளக்கும் கெபாசிட்டிவ் சென்சார். ரேகையின் மேடு சென்சாரைத் தொடுகிறது, பள்ளத்தில் காற்று இடைவெளி நிற்கிறது; இந்த இரண்டு இடங்களிலும் மின்னூட்டம் தேங்கும் அளவு வேறுபடுவதைக் கொண்டு ரேகையின் வடிவம் கிடைக்கிறது. 2013-இல் ஐஃபோன் 5எஸ் கைப்பேசியில் வந்த டச் ஐடி இந்த வகை. இன்று பல கைப்பேசிகளின் பக்கவாட்டு மின்பொத்தானில் இருப்பதும் இதுவே. இரண்டாவது, திரைக்கு அடியில் இருக்கும் ஒளிச் சென்சார். 2018-இல் விவோ நிறுவனத்தின் கைப்பேசியில் இது முதலில் சந்தைக்கு வந்தது. விரல் வைத்த இடத்தில் திரை பளீரென ஒளிர்ந்து, அந்த வெளிச்சத்தில் கண்ணாடிக்குக் கீழிருந்து ரேகையைப் படம் பிடிக்கிறது. இருட்டு அறையில் கைப்பேசியைத் திறந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்வது தெரிந்திருக்கும். தோல் வறண்டிருந்தால் கண்ணாடியோடு சரியாக ஒட்டாமல் இது அடிக்கடி மறுக்கும். மூன்றாவது, மீயொலிச் சென்சார். இது ஒலித்துடிப்பை அனுப்பி, அது மேட்டிலும் பள்ளத்திலும் பட்டுத் திரும்பும் விதத்தை அளக்கிறது. ஈரமான விரலையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது இதன் சிறப்பு. ஆனால் இது வந்த புதிதில் ஒரு விபத்து நடந்தது. 2019-இல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்10 கைப்பேசியின் மீது சில சிலிகோன் உறைகளைப் போட்டுவிட்டால், பதிவு செய்யாத விரலுக்கும் பூட்டுத் திறந்துகொண்டது. உறையின் உட்புறத்தில் இருந்த புள்ளி வடிவத்தை ரேகை என்று சென்சார் எடுத்துக்கொண்டதுதான் காரணம். அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது.

எண்களைப் பார்த்தால் முகம் முந்துகிறது. முன்பின் அறியாத ஒருவரின் விரலுக்கு டச் ஐடி தவறுதலாகத் திறக்கும் வாய்ப்பு 50,000-இல் ஒன்று என்றும், முகத்துக்கு ஃபேஸ் ஐடி திறக்கும் வாய்ப்பு 10,00,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்றும் ஆப்பிள் சொல்கிறது. விரலுக்கான கணக்கு ஒரு விரலுக்கு உரியது. ஐந்து விரல்களைப் பதிந்தால் அது 10,000-இல் ஒன்றாகிவிடுகிறது, அதாவது நான்கு இலக்கப் பின் எண்ணை ஒரே தடவையில் குருட்டாம்போக்கில் ஊகிக்கும் வாய்ப்புக்குச் சமம். தேவையில்லாமல் எல்லா விரல்களையும் பதிந்து வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே போதும். முகத்துக்கான பெரிய எண்ணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரட்டையர், ஒரே சாயலுள்ள உடன்பிறந்தோர், முக அமைப்பு இன்னும் முழுமையாக உருவாகாத 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோரிடம் அந்தக் கணக்கு செல்லாது என்று அந்நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. விரல்ரேகையோ ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமும் வேறுபடும். வீட்டில் உங்களைப்போலவே அச்சு அசலாக ஒருவர் இருக்கிறார் என்றால், ஆழம் அளக்கும் கருவி இருந்தாலும் நீங்கள் விரல்ரேகையைத் தேர்ந்தெடுப்பதே முறை.

எண்களை விட்டு, வேண்டுமென்றே ஏமாற்ற முயல்பவர்களைப் பார்க்கலாம். டச் ஐடி விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியைச் சேர்ந்த கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற அமைப்பினர் அதைத் திறந்து காட்டினார்கள். கண்ணாடிப் பரப்பில் பதிந்திருந்த ரேகையை நுணுக்கமாகப் படமெடுத்து, கணினியில் சுத்தம் செய்து, நிறத்தைத் தலைகீழாக்கி, ஒளிபுகும் தாளில் அடர்த்தியான மையில் அச்சிட்டார்கள். அச்சின் மை மேடாக நின்ற அந்தத் தாளின் மீது பசையைத் தடவி உலரவிட்டு உரித்தபோது, மெல்லிய தோல்போல ஒரு போலி ரேகை கிடைத்தது. அதன்மேல் வாயால் ஊதிச் சற்று ஈரமாக்கிச் சென்சாரில் வைத்தார்கள், திறந்துவிட்டது. அதே அமைப்பைச் சேர்ந்த ஒருவர் 2014-இல், அப்போது ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபான் டெர் லயனின் கட்டைவிரல் ரேகையைப் பொதுநிகழ்ச்சிகளில் எடுத்த புகைப்படங்களிலிருந்தே உருவாக்கியதாக அறிவித்தார். முகத்தையும் விட்டுவைக்கவில்லை, ஐஃபோன் எக்ஸ் வந்த அதே மாதத்தில் வியட்நாமிய நிறுவனம் ஒன்று, முப்பரிமாண அச்சுச் சட்டமும் ஒட்டிய கண்படங்களும் கொண்ட முகமூடியால் அதைத் திறந்து காட்டியது.

இவற்றைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. பேருந்தில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடுபவர் பசை தடவி ரேகை செய்துகொண்டிருக்க மாட்டார். ஐந்து முறை தவறினால் கைப்பேசி பின் எண்ணைக் கேட்கத் தொடங்கிவிடும் என்பதால் அவருக்கு முயற்சி செய்து பார்க்கவும் அதிக வாய்ப்பில்லை. அத்தகைய நுட்பமான தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய பொறுப்பில் இருப்பவர்கள் உயிரியல் அடையாளத்தையே அணைத்துவிட்டு நீண்ட கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது சரி. மற்றவர்கள் அஞ்ச வேண்டியது தெரியாதவர்களை அல்ல, தெரிந்தவர்களை.

தூங்கிக்கொண்டிருப்பவரின் விரலை எடுத்துச் சென்சாரில் வைப்பது கடினமான காரியமில்லை. பெற்றோரின் கைப்பேசியில் விளையாட்டு வாங்க இந்த வழியைக் கண்டுபிடித்த குழந்தைகள் உலகமெங்கும் உண்டு. சந்தேகப்படும் துணைவருக்கும், கூட அறையில் தங்குபவருக்கும் இதே வழி திறந்திருக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தால்தான் திறப்பேன் என்று நிற்கும் முகத் திறப்பு இந்த ஒரு விஷயத்தில் விரலைவிடத் தெளிவாக மேலானது. ஆனால் விழித்திருப்பவரிடம் நிலைமை மாறிவிடும். ஒருவர் கைப்பேசியைப் பிடுங்கி உங்கள் முகத்துக்கு நேரே ஒரு நொடி காட்டினால் அது திறந்துவிடக்கூடும், விரலையாவது மடக்கிக்கொள்ளலாம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அதை அவசரத்தில் முடக்கும் முறையை அறிந்து வைத்திருப்பது நல்லது. முகத் திறப்புள்ள ஐஃபோன்களில் பக்கப் பொத்தானையும் ஒலிப்பொத்தானையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினால், அதற்குப் பிறகு பின் எண் இல்லாமல் திறக்காது. ஆண்ட்ராய்டு 9 முதல், மின்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் லாக்டவுன் என்ற தேர்வைச் சேர்க்க முடிகிறது; அதுவும் அதே வேலையைச் செய்கிறது.

அன்றாடப் பயன்பாட்டில் எது தொல்லை இல்லாதது என்பது பயன்படுத்துபவரின் கையையும் வேலையையும் பொறுத்தது. சிமென்டும் சுண்ணாம்பும் புழங்குபவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள், பல ஆண்டுகளாகக் கருவி பிடித்து உழைத்தவர்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்து மழுங்கியிருக்கும். முதுமையில் தோல் மெலிந்து உலர்வதால் ரேகை மங்கும். கேபிசிடபின் போன்ற சில புற்றுநோய் மருந்துகளை உட்கொள்வோருக்கு ரேகை தற்காலிகமாக மறைந்துபோனதும் உண்டு. இவர்களுக்கு விரல்ரேகையைச் சிபாரிசு செய்வது, நாளுக்குப் பலமுறை மறுக்கப்படுவதைச் சிபாரிசு செய்வதாகும். கையுறை அணிந்து வேலை செய்பவர்களுக்கும் முகமே வசதி. முகக்கவசம் அணிபவர்களுக்கு நிலைமை நேர்மாறானது; 2022-இல் ஐஓஎஸ் 15.4 வந்த பிறகு ஐஃபோன் 12-உம் அதற்குப் பின் வந்தவையும் கண்களைச் சுற்றிய பகுதியைக் கொண்டே அடையாளம் காண்கின்றன என்றாலும், அதற்கு முன் வந்த கைப்பேசிகளுக்கு அந்த வசதி இல்லை. மேசையில் கிடக்கும் கைப்பேசியை எடுக்காமலே திறந்து ஒரு செய்தியைப் பார்க்க விரும்புபவருக்கு, திரைக்கு அடியில் இருக்கும் விரல் சென்சார் முகத்தைவிட உதவும். பார்வையற்றோருக்கு, கண்பார்வையைக் கேட்கும் நிபந்தனை தடையாகலாம் என்பதால் ஐஃபோனில் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் வாய்ஸ்ஓவர் வசதி இயங்கும்போது அந்த நிபந்தனை நீக்கப்படுகிறது. அப்போது தூங்கும்போது கிடைக்கும் பாதுகாப்பும் அதனுடன் போய்விடுகிறது.

விரல் மறுக்கிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்குச் சிக்கல் சென்சாரில் இல்லை, பதிவு செய்த விதத்தில் இருக்கிறது. பதியும்போது கைப்பேசியை மேசையில் வைத்து, விரலின் நடுப்பகுதியை நேராக அழுத்துகிறோம். திறக்கும்போதோ கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, கட்டைவிரலின் ஓரத்தைச் சாய்வாக வைக்கிறோம். சென்சாரின் பரப்பு சிறியது என்பதால் ஒவ்வொரு தொடுதலிலும் அது ரேகையின் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறது. பதிவில் இல்லாத துண்டு வந்தால் மறுத்துவிடுகிறது. ஆகவே எப்படித் திறக்கப்போகிறோமோ அதே பிடியில் பிடித்துக்கொண்டு, விரலின் நுனியும் இரு ஓரங்களும் பதியும்படி சிறிது சிறிதாக நகர்த்திப் பதிய வேண்டும். திரைக்கு அடியில் சென்சார் இருந்தால், பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டிய பிறகே பதிய வேண்டும். தடித்த கண்ணாடியோ இடையில் காற்று நிற்கும் உறையோ மீயொலிச் சென்சாருக்கு ஒத்துவராது. இவ்வளவும் செய்த பிறகும் மறுத்தால், அதே விரலை இரண்டாம் விரல் என்று சொல்லி மறுபடி பதிவது பலருக்குப் பலன் தருகிறது.

ரேகையோ முகமோ ஒருமுறை களவுபோனால் கடவுச்சொல்லைப்போல மாற்றிக்கொள்ள முடியாதே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சம் சேர வேண்டிய இடம் வேறு. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் திருடப்பட்டது 2015-இல் வெளியானது; அவை எல்லாம் ஓரிடத்தில் குவித்து வைக்கப்பட்டிருந்தன என்பதே திருடியவருக்கு வசதியானது. கைப்பேசியில் பதியும் ரேகை அப்படி எங்கும் குவிவதில்லை. படமாக இல்லாமல் கணித வடிவமாக மாற்றப்பட்டு, சாதனத்திலேயே தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதிக்குள் தங்கிவிடுகிறது. செயலிகளுக்குக் கிடைப்பது ஒத்துப்போகிறது, ஒத்துப்போகவில்லை என்ற பதில் மட்டுமே. முகத்துக்கும் இதே முறைதான். இந்த விஷயத்தில் இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. ஆழம் அளக்கும் கருவி உள்ள கைப்பேசி என்றால் முகத்தையே பயன்படுத்தலாம். அச்சு அசலான உடன்பிறந்தவர் இருப்பவர்களும், நாள் முழுதும் முகத்தை மூடி வேலை செய்பவர்களும் மட்டும் விதிவிலக்கு. சாதாரண கேமராவால் முகத்தைப் பார்க்கும் கைப்பேசி என்றால், வங்கிச் செயலி அந்த முகத்தை ஏற்காதவரை அதை அணைத்துவிட்டு விரலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குபவர், விலை ஒத்த இரண்டு கைப்பேசிகளுக்கு இடையே தயங்கினால், திரைக்கு அடியில் ஒளிச் சென்சார் உள்ளதைவிடப் பக்கவாட்டுப் பொத்தானில் சென்சார் உள்ளதை எடுக்கலாம். பளபளப்பு குறைவு, மறுப்பும் குறைவு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பின் எண் இருக்கிறது என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினால் அது பின் எண்ணைத்தான் கேட்கும். ஐஃபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தாலும் அப்படியே. பின் எண்ணை அறிந்த ஒருவர் தன் விரலையே உங்கள் கைப்பேசியில் பதிந்துகொள்ள முடியும். இந்தக் கோணத்தில் பார்த்தால் விரலும் முகமும் செய்யும் மிகப் பெரிய உதவி, பொது இடத்தில் பின் எண்ணை அழுத்த வேண்டிய தேவையைக் குறைப்பதுதான்; தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு கைப்பேசியைப் பறிப்பவர்கள் பெருகியதால், ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 பதிப்பில் களவுச் சாதனப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை இயக்கிவிட்டால், பழக்கமில்லாத இடத்தில் இருக்கும்போது முக்கியமான சில மாற்றங்களுக்குப் பின் எண் மட்டும் போதாது, முகமோ விரலோ கட்டாயம் வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். ஆண்ட்ராய்டில் புதிய விரல் ஒன்று பதியப்பட்டால், பல வங்கிச் செயலிகள் பழைய அனுமதியை ரத்து செய்து மறுபடி கடவுச்சொல் கேட்கும். நீங்கள் எதையும் புதிதாகப் பதியாதபோது உங்கள் செயலி அப்படிக் கேட்டால், அமைப்புகளுக்குள் போய்ப் பதிவான விரல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் அதை நீக்குவதற்கு முன் பின் எண்ணை மாற்றுங்கள்.